புள்ளி விழுந்த பப்பாளி

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வருடம் தவறாமல் நடக்கும். அறுவடை செய்தவர் மட்டும் ஒருவரும் இருக்க மாட்டார். பத்தாவது மாடியில் குடியிருப்பவர்கள் எதை அறுக்க முடியும்? எல்லோரும் முதல் நாள் தேக்கா சந்தைக்குப் போவார்கள். பூசணிக்காய், கரும்பு, அன்னாசி, வாழைச்சீப்பு என்று வாங்கி வந்து, மறுநாள் காலையில் தங்கள் வயலிலேயே விளைந்ததைப் போன்ற முகத்தோடு பீடத்தின் முன்னால் வைப்பார்கள். என் அம்மா இதில் ஒரு படி மேலே. ஆப்பிள்களில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர்களை வெந்நீர் தொட்டு, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கூடையில் அடுக்குவார். ஆண்டவருக்குக் கடைப்பெயரோடு கொடுப்பதில் அவருக்குச் சம்மதமில்லை.

ஆராதனை முடிந்ததும் படைத்ததையெல்லாம் கீழ்த்தள மண்டபத்துக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்குப் போகும் என்பதால் ஒரு சாதாரணத் தேங்காய்க்குக்கூடப் பெரிய மனிதர்கள் மல்லுக்கு நிற்பார்கள். ஏலம் விடுபவர் மார்சிலிங்கில் குடியிருந்த ஓர் அங்கிள். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். பிள்ளைகள் நாங்கள் அவரை ஏல அங்கிள் என்போம். அவர் மனைவியின் தங்கை ஊரிலிருந்து கடல் தாண்டி மருத்துவமனைத் தாதி வேலைக்கு வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். பாடகர் குழுவில் பாடுவார், அதிகம் பேச மாட்டார். அவரை நான் மார்சிலிங் அக்கா என்று கூப்பிடுவேன்.

சித்தப்பா, என் அப்பாவின் தம்பி, கிராஞ்சியில் ஓர் ஆர்க்கிட் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தார், அங்கேயே தங்கியும் இருந்தார். ஊரில் தோட்டக்கலை படித்தவர். பூச்செடிகளைப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஊரிலிருந்து வரும் வரன்களுக்கெல்லாம் ஒரு சாக்குச் சொல்வார். ஒரு பெண் உயரம் அதிகம், ஒரு பெண் ஊர் தூரம், இன்னொரு பெண்ணுக்கு மாம்பழம் பிடிக்காதாம். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் சித்தப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து பாடகர் குழுவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பாட்டு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்ணையில் உரக்குழிக்குப் பக்கத்தில் யாரோ துப்பிய விதையிலிருந்து ஒரு பப்பாளிக் கன்று முளைத்திருந்தது. சித்தப்பா அதைப் பிடுங்காமல் வளர்த்தார். அது பூத்துக் காய்த்த சமயத்தில், ஒருநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குத் தன் மரத்துப் பழம் வரும் என்று வாயை விட்டுவிட்டார்.

ஏல அங்கிள் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "என்ன தம்பி, ஆர்க்கிட்ல பப்பாளி காய்க்குதா? தேக்கால வாங்கிட்டு வந்து நம்ம மரம்னு கதை விடாத லா!"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களும் தேக்காவில் வாங்குகிறவர்கள்தான் என்பது யாருக்கும் அப்போது நினைவில் இல்லை. சித்தப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மார்சிலிங் அக்கா மட்டும் சிரிக்காமல், "கொண்டு வாங்க, பாப்போம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் சித்தப்பா கிராஞ்சிக்குப் போனார். அதன்பின் அந்த மரத்துக்குக் கிடைத்த மரியாதை ஆர்க்கிட்டுகளுக்கும் கிடைத்திருக்காது. எல்லாம் செய்தார், மருந்து மட்டும் அடிக்கவில்லை. முதற்பலன் காணிக்கை, அதில் விஷம் படக்கூடாது என்று ஒரே பிடிவாதம். பண்ணையில் காலை முதல் மாலை வரை பூஞ்சைக்கு மருந்தடிக்கிற மனிதர், தன் ஒரே ஒரு மரத்தை மழைக்கும் ஆண்டவருக்கும் விட்டுவிட்டார். அந்த வருடம் மழையும் விடாமல் பெய்தது.

பண்டிகைக்கு முந்திய ஞாயிறு பழம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பச்சைத் தோலில் ஒரே ஒரு மஞ்சள் கீற்று. ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது. அடுத்த ஞாயிறு சரியாகப் பழுத்துவிடும் என்று சித்தப்பா சொன்னார். அம்மா அதைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தார். தினமும் பள்ளி விட்டு வந்ததும் எடுத்துப் பார்க்கும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். வீட்டில் யாரும் கேட்காவிட்டாலும் சாப்பாட்டு மேசையில் அறிக்கை வாசிப்பேன். இன்று கால்வாசி மஞ்சள். இன்று பாதி. இன்று வாசம் வருகிறது.

பிறகு ஒருநாள் துணியை விலக்கியபோது, காம்புக்குக் கீழே தண்ணீர் தெறித்து ஊறியதைப் போல ஒரு சின்ன அடையாளம் தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. மறுநாள் அது பழுப்பாகிப் பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று வந்திருந்தன. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முதலில் பழத்தைப் பார்த்தார், அடுத்து என் பென்சில் பெட்டியைப் பார்த்தார்.

"குத்துனியா?"

"நான் தொடவே இல்ல லா, ம்மா! ஐ ஸ்வேர்!"

"சத்தியம் பண்ணாத. தொடாமதான் தினமும் ரிப்போர்ட் குடுத்தியாக்கும்?"

என்னால் அந்த அநியாயத்தைத் தாங்க முடியவில்லை. அழுதேன். அம்மா என் அழுகையைக் கவனிக்காமல் பழத்துக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். உப்புத் தண்ணீரில் துடைத்தார், தேங்காய் எண்ணெய் தடவினார், வாளியிலிருந்து எடுத்து மின்விசிறிக்கு நேராக வைத்தார். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, தைலம் ஒன்றுதான் பாக்கி என்றார். புள்ளிகள் யாரையும் பொருட்படுத்தாமல் வட்டவட்டமாக வளர்ந்தன. பெரிய வட்டத்தின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு பிசுபிசுப்புகூட வந்துவிட்டது. மற்றபடி பழம் கொழுகொழுவென்று பொன்னிறமாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். பழத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"பூஞ்சை, மதனி. கரும்புள்ளி நோய்னு சொல்லுவோம்."

"இவ குத்தி வந்ததில்லையே?"

"சேச்சே. இது மரத்துலயே வந்தது. காயா இருக்கப்பவே மழைத்தண்ணியோட தோலுக்குள்ள போயிரும். பழுக்கிற வரைக்கும் சத்தம் காட்டாம கெடக்கும். வெளியில ஒண்ணுமே தெரியாது. பறிச்ச கையோட சூடுதண்ணியில முக்கி எடுத்திருக்கணும். எனக்குத் தெரியும், இருந்தும் செய்யல பாருங்க."

நான் விடுதலையான கைதியைப் போல அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க நேரமில்லை, அவருக்கு அவருடைய கவலை. "அப்ப நான் அரிசிக்குள்ள வச்சதாலயும் இல்ல?"

"அது... கொஞ்சம் சீக்கிரமா எழுப்பி விட்டிருக்கும்," என்றார் சித்தப்பா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

சிறிது நேரம் கழித்து அங்கிருந்தே ஒரு யோசனை வந்தது. தேக்காவுக்குப் போய் இதே அளவில் ஒரு பப்பாளி வாங்கி வைத்துவிட்டால் என்ன? எந்த மரத்துப் பழம் என்று அதன் நெற்றியிலா எழுதியிருக்கிறது? ஊரே அப்படித்தானே செய்கிறது? அம்மா சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் தலையாட்டினார்.

சித்தப்பா மட்டும் அசையவில்லை. "ஏற்கெனவே தேக்காப் பழம்னுதான் சிரிச்சாங்க, மதனி. நாளைக்கு நான் நெசமாவே தேக்காப் பழத்தை வச்சா, அவங்க சொன்னது சரியாயிரும்ல?"

"அழுகின பழத்தை வச்சா மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். எம் மரம்னு சொன்னேன். எம் மரத்துப் பழம்தான் வரும்."

சொல்லிவிட்டுப் பழத்தைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பப்பாளிக்காக ஒரு பெரிய மனிதர் இப்படிக் கலங்குவாரா என்று எனக்கு ஆச்சரியம். பாவமாகவும் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு என் பங்கு அப்பளத்தையும் கொடுத்தேன்.

மறுநாள் காலை பீடத்தின் முன் பழம் வைக்கப்பட்டது. சித்தப்பா புள்ளி தெரியும்படியே வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா புள்ளியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பக்கத்து வாழைச்சீப்பை இழுத்து மறைத்தார். சித்தப்பா தண்ணீர் குடிக்கப் போகிறவரைப் போலப் போய் மறுபடி திருப்பி வைத்தார். அம்மா ஜெபப் புத்தகத்தை எடுக்கப் போகிறவரைப் போலப் போனார். மணி அடித்து எல்லோரும் எழுந்து நின்ற சமயத்தில் புள்ளி சுவர்ப்பக்கம் இருந்தது. அதற்குமேல் யாரும் நகர முடியவில்லை. போதகர் கனிகளைப் பற்றிப் பேசிய நேரமெல்லாம் என் கண் அந்தப் பழத்தின் மேலேயே இருந்தது.

ஏலம் ஆரம்பித்தது. கரும்புக்கட்டு போயிற்று, பூசணி போயிற்று, அம்மாவின் ஸ்டிக்கர் இல்லாத ஆப்பிள்கள் நல்ல விலைக்குப் போயின. ஏல அங்கிள் பப்பாளியைத் தூக்கினார்.

"இந்தா, நம்ம கிராஞ்சித் தம்பியோட சொந்த மரத்து..." என்று ஆரம்பித்துப் பழத்தைத் திருப்பினார். நிறுத்தினார். மண்டபத்துக்குக் காட்டினார். "ஐயோ, தம்பி! இது பழமா, அம்மை போட்ட புள்ளையா?"

சிரிப்பு கூரையைத் தொட்டது. அங்கிள் கெட்டவர் இல்லை, சிரிப்பு மூட்டினால் விலை ஏறும் என்பது அவர் வழக்கம். ஆனால் அன்று விலை ஏறவில்லை. யாரும் கேட்கவே இல்லை. "யாராச்சும்? சும்மா ஸ்டார்ட் பண்ணுங்க லா. ஜூஸ் போடலாம்." சித்தப்பா தேநீர்க் கொள்கலன்களுக்குப் பக்கத்தில் காது சிவக்க நின்றார். எனக்கு அந்த மண்டபத்தில் இருந்த எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. கடையில் வாங்கிய பூசணிக்கு அடித்துக்கொண்டவர்கள், சபையிலேயே உண்மையாக விளைந்த ஒரே பழத்துக்கு வாய் திறக்கவில்லை.

அப்போது பாடகர் குழு நின்ற பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. மார்சிலிங் அக்கா ஒரு விலை சொன்னார். நல்ல பப்பாளிக்கே அது அதிகம்.

"நீயா?" என்றார் ஏல அங்கிள். "வீட்டுல பப்பாளி வாங்கி வச்சா மூஞ்சத் திருப்புவியே?"

"கேட்டுட்டேன்ல அத்தான். எழுதிக்கோங்க."

சித்தப்பா பதறிப்போய் முன்னால் வந்தார். "வேண்டாங்க, அது கெட்டுப்போச்சு. நானே எடுத்துக்கிடுறேன்."

"ஏலத்துல நானே எடுத்துக்கறேன்லாம் கிடையாது தம்பி," என்றார் அங்கிள். "வேணும்னா விலை சொல்லு."

சித்தப்பா விலை சொன்னார். அக்கா அதைவிட ஏற்றிச் சொன்னார். சித்தப்பா இன்னும் ஏற்றினார். அக்கா யோசிக்கவே இல்லை. மண்டபத்தில் சிரிப்பு அடங்கிப் போயிற்று. அம்மை போட்ட பப்பாளியின் விலை கரும்பைத் தாண்டியது, பூசணியைத் தாண்டியது. ஏல அங்கிளுக்கு அத்தான் முறையில் மச்சினியைத் தடுக்க வேண்டும், ஏலக்காரர் முறையில் விலையை ஏற்ற வேண்டும். அவர் வியர்த்துப்போய் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழுத்தைத் திருப்பினார். போதகர் வாயை மூடிக்கொண்டு புன்னகை செய்தார். அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினார். கிள்ளிய அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார், கிள்ளு வாங்கிய அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதில் புத்தியோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா தன் பழத்தையே காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறார். அக்காவோ என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் மாட்டிக்கொள்ளப் போகிறார். யாராவது சொல்ல வேண்டாமா? நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து ஓடினேன்.

"அக்கா, வாங்காதீங்க! அதுல பூஞ்சை இருக்கு! காயா இருக்கப்பவே உள்ள போயிடுச்சு!"

பின்னால் அம்மா என் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது கேட்டது. அக்கா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். அவர் கன்னம் சூடேறிச் சிவந்திருந்தது.

"தெரியும் பாப்பா," என்றார். "பாத்துட்டுத்தான் கேக்குறேன்."

நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தபடி கடைசியாக ஒரு விலை சொன்னார். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அங்கிள் தட்டி முடித்தார். அந்த வருட ஏலத்தில் அதிக விலைக்குப் போன பொருள் அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தாதியாக இருக்கிறார், ஊசியெல்லாம் போடுகிறார், பழம் பார்த்து வாங்கத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் தொலைபேசி அடிக்கடி ஒலித்தது. அப்பா ஊருக்குப் பேசினார், அம்மா மார்சிலிங்குக்குப் பேசினார். பேச்சு நடக்கும்போது என்னை உள்ளே போகச் சொன்னார்கள். ஒருநாள் அம்மா பட்டுப்புடவையை வெளியே எடுத்தார். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டார். மார்சிலிங் அக்கா வீட்டுக்குப் போகிறோம், பழத்தட்டு வாங்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்ட பழத்தை அவ்வளவு விலைக்கு அவர்கள் தலையில் கட்டிவிட்டோம், அதற்குப் பதில் நல்ல பழம் கொடுக்கப் போகிறோம். கடையில் பொருள் சரியில்லை என்றால் மாற்றிக் கொடுப்பதில்லையா? நல்ல முடிவு என்று நினைத்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு பழக்கடையில் அம்மா ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை என்று தட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பப்பாளிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இந்தத் தட்டுல எவளாச்சும் பப்பாளி வைப்பாளா?" என்றார் அம்மா.

"வைக்கட்டும் மதனி," என்றார் சித்தப்பா. புதுச் சட்டையில் அவரைப் பார்க்கவே அழகாக இருந்தது.

ஒவ்வொரு பழமாக உருட்டிப் பார்த்தேன். காம்பைப் பார்த்தேன், அடியைப் பார்த்தேன், கடைக்காரர் முறைக்கும்வரை முகர்ந்து பார்த்தேன். கடைசியில் புள்ளியே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து நானே மடியில் வைத்துக்கொண்டு மார்சிலிங் வரைக்கும் போனேன்.

அங்கேயும் எல்லோரும் பட்டில் இருந்தார்கள். ஏல அங்கிள் அன்று ஒரு பகடிகூடப் பேசவில்லை. முதலில் ஜெபம் செய்தார்கள். பெரியவர்கள் ஏதோ மாதம், தேதி என்று பேசத் தொடங்கினார்கள். அக்கா தேநீர்த் தட்டோடு வந்தபோது நான் எழுந்துபோய்ப் பப்பாளியைக் கொடுத்தேன்.

"இதுல ஒண்ணும் இல்லக்கா, நல்லா செக் பண்ணிட்டேன். இனிமே வாங்கும்போது காம்புகிட்ட பாருங்க. தண்ணி பட்ட மாதிரி இருந்தா வாங்காதீங்க, ஓகே?"

"சரி பாப்பா," என்றார் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் கவனமாகக் கேட்பவரைப் போல. பின்னால் யாரோ தேநீர் புரையேறி இருமினார்கள்.

திரும்பும்போது ரயிலில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை ஒழுங்காக முடிந்ததில் எனக்கு நிறைவு. "நல்ல பழம் குடுத்தாச்சு சித்தப்பா. இனிமே நம்ம அங்க போக வேண்டாம்," என்றேன். அம்மாவும் அப்பாவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சித்தப்பா என் தலையைத் தடவினார். ரயில் கிராஞ்சியில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். "சித்தப்பா, உங்க ஸ்டேஷன் போயிடுச்சு!" என்று கத்தினேன். "போகட்டும்," என்றார். ஆசையாக வளர்த்த பழமும் போய், இந்த நல்ல பழத்தையும் கொடுத்துவிட்டு வந்த துக்கத்தில்தான் மனிதர் இறங்க மறந்துவிட்டார் என்று நினைத்து, நாங்கள் இறங்கும் சுவா சூ காங் வரைக்கும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.